கடைசி மணியும் காலி ஆசனமும்

உலகத்தில் சீக்கிரம் கெட்டுப் போகிற சரக்கு எது என்று கேட்டால் பால் என்பார் ஒருவர். மீன் என்பார் இன்னொருவர். எங்கள் தெருவில் கேட்டால் மல்லிகைப்பூ என்பார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு பைசாக்கூடக் குறைக்க மாட்டேன் என்று சாதிக்கிற பூக்காரி, இரவு ஒன்பது மணிக்குக் கூடையின் அடியில் மீந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துக்குங்கம்மா, குடுக்கிறதைக் குடுங்க" என்கிறாள். விடிந்தால் அது பூ இல்லை, குப்பை.

ஆனால் அந்தப் பூவுக்காவது ஓர் இரவு ஆயுள் உண்டு. ரயில் வண்டியிலும் ஆகாய விமானத்திலும் இருக்கும் காலி ஆசனத்துக்கு அதுகூடக் கிடையாது. வண்டி நகர்ந்த மறு நிமிஷமே அதன் விலை பூஜ்யம். பனிக்கட்டியில் போட்டு வைத்து நாளைக்கு விற்க முடியாது. உப்புப் போட்டு ஊறுகாய் ஆக்கவும் முடியாது.

இந்தக் காலி ஆசனத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். "எங்கே போனாலும் சரி, எப்போது புறப்பட்டாலும் சரி, மலிவாகப் போனால் போதும்" என்று கடைசி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்கிற சரித்திரம். இதில் ராஜாக்கள் இல்லை, யுத்தங்களும் இல்லை. ஆனால் அவசரம், சபலம், சாமர்த்தியம், துக்கம் எல்லாம் இருக்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

ரயில் முதலில் வேரூன்றிய இடம் இங்கிலாந்து. ஆகையால் நம் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. 1841-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃபரோ என்ற ஊருக்குச் சுமார் 500 பேரை ஒரு தனி ரயிலில் அழைத்துக்கொண்டு போனார். தூரம் பதினோரு மைல்தான். போக வர ஆளுக்கு ஒரு ஷில்லிங். குக் தச்சுத் தொழில் கற்றவர். தீவிரமான மதுவிலக்குப் பிரசாரகர். லஃபரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பிரயாணம். சாராயக் கடைக்குப் போக வேண்டிய ஷில்லிங்கை ரயிலடிப் பக்கம் திருப்பிவிட்டார் மனிதர்.

குக் கண்டுகொண்ட கணக்கு எளிமையானது. ஐம்பது பேருக்காக ஓடினாலும், ஐந்நூறு பேருக்காக ஓடினாலும் எஞ்சின் தின்கிற கரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, "வண்டி நிறைய ஆள் பிடித்துத் தருகிறேன், கட்டணத்தைக் குறையுங்கள்" என்று ரயில் கம்பெனியிடம் பேரம் பேசலாம். 1845-ல் லிவர்ப்பூலுக்கு ஓர் உல்லாசப் பிரயாணம் ஏற்பாடு செய்து, முதல் வகுப்புக்குப் பதினைந்து ஷில்லிங், இரண்டாம் வகுப்புக்குப் பத்து ஷில்லிங் என்று வசூலித்தார். 1851-ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அவர் ஏற்பாட்டில் போய் வந்தார்கள்.

குக்கின் ஜனங்கள் மலிவுக்காக எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தனிமையை விட்டுக் கொடுத்தார்கள். ஐந்நூறு பேரோடு இடித்துக்கொண்டு போகச் சம்மதித்தார்கள், அவ்வளவுதான். போகுமிடமும் நேரமும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. இந்தச் சரித்திரம் முழுவதிலும் இந்தக் கேள்வியை நாம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மலிவு டிக்கட் என்பது யாரும் தர்மத்துக்குக் கொடுத்ததல்ல. பணத்தில் குறைந்ததை வேறு எதிலோ கொடுத்துத்தான் பிரயாணி சரிக்கட்டியிருக்கிறான்.

அடுத்தபடியாக அவன் கொடுத்தது போகுமிடத்தை. முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் 'மர்ம யாத்திரை' என்று ஒரு பழக்கம் தோன்றியது. மோட்டார் பஸ் வாசலில் நிற்கும். காசைக் கொடுத்து ஏறிக்கொள்ள வேண்டியது. வண்டி எங்கே போகும் என்று கேட்கக்கூடாது! 1932-ல், பொருளாதார மந்தத்தில் நாடே திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி இதையே ரயிலில் செய்து பார்த்தது. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து, பெரிய வெள்ளிக்கிழமையன்று, நடைப் பிரயாணிகளுக்கு என்று ஒரு 'மர்ம எக்ஸ்பிரஸ்' விட்டார்கள். வண்டி போய்ச் சேரும் இடத்தை முன்கூட்டி அறிவிக்கவில்லை. தோளில் மூட்டையும் காலில் கனத்த பூட்ஸுமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

இதில் கம்பெனிக்கு ஒரு சௌகரியம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். பிரயாணி ஊர் பெயரைச் சொன்னால் கம்பெனி அந்த ஊருக்குத்தான் வண்டி விட வேண்டும். "உங்கள் இஷ்டம்" என்று அவன் சொல்லிவிட்டால், எந்தப் பாதையில் நெரிசல் இல்லையோ அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகலாம். 'உங்கள் இஷ்டம்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு உலக மார்க்கெட்டில் நல்ல விலை உண்டு என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ரயிலை விட்டு விமானத்துக்கு வருவோம். இரண்டாம் யுத்தம் முடிந்த 1945-ல் உலக விமானக் கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. சர்வதேசக் கட்டணங்களை அந்தச் சங்கம் பேசி நிர்ணயிக்க, அரசாங்கங்கள் ஒப்புதல் கொடுத்தன. ஒரு கம்பெனி மற்றொன்றைவிட ஒரு டாலர் குறைத்து விற்க முடியாது. 1958-ல் அட்லாண்டிக் பாதையில் சிக்கன வகுப்பு என்று ஒன்று ஏற்படுத்தியபோது, அதில் சாண்ட்விச்சு மாத்திரமே பரிமாறலாம் என்று விதி செய்தார்கள். ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனி, தட்டு நிறைய இறைச்சியும் மீனும் அடுக்கி, அடியில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து, "இதுவும் சாண்ட்விச்சுதான்" என்றது. அமெரிக்கக் கம்பெனி புகார் செய்தது. பஞ்சாயத்து நடந்து அபராதமும் விதிக்கப்பட்டது. ரொட்டியின் மேல் என்ன இருக்கலாம் என்பதற்கே பஞ்சாயத்து நடந்த உலகத்தில், காலி ஆசனத்தை யார் மலிவாக விற்க முடியும்?

விற்றார்கள். சட்டத்தில் இரண்டு சந்துகள் இருந்தன.

முதல் சந்து, விமானம் முழுவதையும் வாடகைக்கு எடுப்பது. 1950-ல் விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து கார்ஸிகா தீவிலுள்ள கால்வி என்ற ஊருக்கு விமானம், சாப்பாடு, கூடாரத்தில் தங்கல் எல்லாம் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங்குக்கு அழைத்துப் போனார். ஆசிரியர்களையும் மாணவர்களையும் மாத்திரம் அழைத்துப் போகலாம் என்றுதான் அரசாங்கம் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. இந்தச் சின்னச் செடிதான் பின்னால் ஸ்பெயின் தேசத்துக் கடற்கரை முழுவதும் படர்ந்தது.

இரண்டாவது சந்து வேடிக்கையானது. பிரயாணத்தைத் தவிர வேறு ஏதாவது நோக்கமுள்ள ஒரு சங்கம் வாடகை விமானம் அமர்த்தி, தன் அங்கத்தினர்களை மலிவாக அழைத்துப் போகலாம். ஆனால் அவர்கள் ஆறு மாதமாவது அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவுதான், 1960-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புதிது புதிதாகச் சங்கங்கள் முளைத்தன. டிக்கட் வாங்கும்போதே ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட அங்கத்தினர் சீட்டும் கிடைத்தது! விமான நிலையத்தில் உத்தியோகஸ்தர்கள் விசாரிக்க, எந்தச் சங்கத்தில் தாங்கள் இருக்கிறோம் என்பதே தெரியாமல் விழித்த பிரயாணிகளும் உண்டு. மலிவுக்காக இங்கே அவர்கள் விட்டுக் கொடுத்தது உண்மையை. கௌரவமான குடும்பஸ்தர்கள் ஒரு டிக்கட்டுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கேவலத்தைப் பொறுக்காதவர்களில் ஒருவர் ஃப்ரெடி லேக்கர். 1922-ல் கான்டர்பரியில் பிறந்தவர். சொந்தமாக ஒரு விமானக் கம்பெனி வைத்து வாடகை விமானங்கள் விட்டுக்கொண்டிருந்தவர். 1971-ல் அவர் அதிகாரிகளிடம் ஒரு மனுச் செய்தார். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 'ஆகாய ரயில்' விடப் போகிறேன். ரயிலில் ஏறுவது மாதிரி அன்றைக்கே வந்து டிக்கட் வாங்கி அன்றைக்கே ஏறலாம். சங்கம் வேண்டாம், பொய்ச் சீட்டு வேண்டாம். கட்டணம் முப்பத்தேழரைப் பவுன் என்றார்.

நினைத்த காரியம் நடக்க ஆறு வருஷம் ஆயிற்று. 1972-ல் அனுமதி கிடைத்தது. பிறகு வந்த அரசாங்கம் அதை ரத்துச் செய்யப் பார்த்தது. லேக்கர் கோர்ட்டுக்குப் போனார். 1976-ல் டென்னிங் பிரபு முதலிய நீதிபதிகள் அப்பீலில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1977 செப்டம்பர் 26-ந் தேதி காட்விக் விமான நிலையத்திலிருந்து முதல் ஆகாய ரயில் கிளம்பியது. 345 ஆசனங்கள் கொண்ட விமானம். நியூயார்க் போவதற்குக் கட்டணம் 59 பவுன். சாப்பாடு வேண்டுமானால் தனிக் காசு. முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவனுக்கு முதல் ஆசனம். மிஞ்சினவர்கள் மறுநாள் வர வேண்டியது.

மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? காலியாகப் போகும் ஆசனங்களைப் புறப்படும் நாளன்று ஏறக்குறைய அதே விலைக்குக் கொடுக்கத் தொடங்கின. 1978-ம் ஆண்டுக் கோடையில் லண்டன் நடைபாதைகளில் பாயும் போர்வையுமாக ஜனங்கள் இரவெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். இந்தத் தடவை பிரயாணி விட்டுக் கொடுத்தது நிச்சயத்தை. இன்று போவோமா, நாளை போவோமா என்று தெரியாமல் நிற்கச் சம்மதித்தால், அரண்மனைக்காரர்கள் போன தூரத்தை அவனும் போகலாம்.

அந்த வரிசையில் யார் யார் நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நியூயார்க்கில் நாடகம் பார்க்கப் போகிற வாலிபன் நின்றிருப்பான். அவனுக்குப் பின்னால், அக்கரையில் சாகக் கிடக்கும் தகப்பனாரைப் பார்க்கப் போகிற மகளும் நின்றிருப்பாள். டிக்கட் கொடுக்கிறவன் இருவரையும் பார்த்து, "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. இருவரிடமும் 59 பவுன்தான் வாங்கினான். காலி ஆசனத்தின் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கிற கட்டம் இதுதான். கடைசி நேரத்தில் வந்தவனுக்குக் காரணம் எதுவானாலும் மலிவு என்று இருந்த காலம் அது. அது நீடிக்கவில்லை.

நீடிக்காததற்கு லேக்கரின் கடன் ஒரு காரணம். பெரிய பெரிய விமானங்களைக் கடனுக்கு வாங்கினார். டாலர் விலை ஏறியது. போட்டிக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. 1982 பிப்ரவரி 5-ந் தேதி அவருடைய கம்பெனி கதவை மூடியது. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று சாமானிய ஜனங்கள் தங்கள் கைக்காசை அனுப்பினார்கள். வியாபாரி ஒருவனுக்கு ஊர் ஜனங்கள் அப்படிச் செய்வது அபூர்வம். போட்டிக் கம்பெனிகள் கூடிச் சதி செய்ததாகத் தொடர்ந்த வழக்கு 1985-ல் சமரசத்தில் முடிந்தது.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு கணக்கு. லேக்கர் அனுமதி பெற்ற அதே 1972-ல், பி.ஓ.ஏ.ஸி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். அதன் சாரத்தை நம் காசில் சொல்கிறேன். முழுக் கட்டணம் நூறு ரூபாய். மலிவுக் கட்டணம் நாற்பது ரூபாய். மலிவு டிக்கட்டுக்காரன் முன்னாலேயே வந்து நிற்கிறான். கடைசி ஆசனத்தை அவனுக்குக் கொடுத்துவிடலாமா? பிறகு நூறு ரூபாய்க்காரன் வருவதற்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் கொடுக்காதே. குறைவாக இருந்தால் கொடுத்துவிடு. அவ்வளவுதான் சூத்திரம். பள்ளிக்கூடப் பையனுக்கே புரியும். ஆனால் ஆயிரம் விமானங்களுக்கு, ஒவ்வொரு ஆசனத்துக்கும், தினந்தோறும் இந்தக் கணக்கைப் போட மனுஷனால் ஆகாது. கம்ப்யூட்டரால் ஆகும்.

அமெரிக்காவில் 1978-ல் சட்டம் திருத்தப்பட்டு, உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மேலிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு படிப்படியாக விலகியது. புதிய மலிவுக் கம்பெனிகள் கிளம்பின. 1981-ல் தோன்றிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் அவற்றில் பிரசித்தமானது. அதற்குப் பதிலடியாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1985 ஜனவரியில் தன்னுடைய கம்ப்யூட்டரை நம்பி ஒரு மலிவு டிக்கட்டை வெளியிட்டது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. பல நாள் முன்னதாகவே வாங்க வேண்டும். போன ஊரில் ஒரு சனிக்கிழமை இரவைக் கழிக்க வேண்டும். சனிக்கிழமை இரவுக்கு என்ன விசேஷம்? கம்பெனி வேலையாகப் போகிறவன் வெள்ளிக்கிழமையே வீடு திரும்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வரையில் தங்குகிறவன் உல்லாசமாகப் போகிறவன். அந்த ஒரே நிபந்தனையால், போயே தீர வேண்டியவனையும் போனால் போகிறது என்கிறவனையும் கம்ப்யூட்டர் பிரித்துவிட்டது. 1987-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் மறைந்து போயிற்று.

அன்று முதல் பூக்காரியின் நியாயம் தலைகீழாயிற்று. முன்னால் வருகிறவனுக்கு மலிவு. கடைசியில் ஓடி வருகிறவனுக்குக் கிராக்கி. ஏனென்றால், கடைசி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் டிக்கட் கேட்கிறவன் அநேகமாகத் தவிர்க்க முடியாமல்தான் கேட்கிறான். தவிர்க்க முடியாதவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா?

அப்படியானால் கடைசி நேர மலிவு ஒழிந்தே போயிற்றா? இல்லை, இடம் மாறியது. விடுமுறைக் கம்பெனிகள் வாடகை விமானத்தையும் ஹோட்டல் அறைகளையும் பல மாதங்களுக்கு முன்பே மொத்தமாக எடுத்திருக்கும். சனிக்கிழமை விமானத்தில் வியாழக்கிழமை வரையில் இருபது இடம் விற்காமல் இருந்தால், கடைசியில் ஓடி வர அங்கே நூறு ரூபாய்க்காரன் யாரும் இல்லை. எல்லோரும் உல்லாசப் பிரயாணிகளே. ஆகையால் அங்கே பழைய பூக்கூடை நியாயம் பிழைத்திருந்தது. பிரிட்டனில் கடை ஜன்னல்களில் கையால் எழுதிய அட்டைகள் தொங்கின. 1990-களில் டெலிவிஷன் பெட்டியிலேயே 'டெலிடெக்ஸ்ட்' என்ற எழுத்துப் பக்கங்களில் இந்த மீந்த விடுமுறைகள் வரிசையாக ஓடின. கண் இமைத்தால் பக்கம் மாறிவிடும். மறுபடி அது சுற்றி வரும் வரையில் காகிதமும் பேனாவுமாகக் காத்திருக்க வேண்டும். குடும்பமே பெட்டி முன் உட்கார்ந்து துருக்கியா, கிரீஸா என்று வேட்டையாடியது. ஹோட்டல் பெயர்கூடச் சொல்லாமல், போய் இறங்கிய பிறகு அறை ஒதுக்குகிற ஏற்பாடும் இருந்தது. அது இன்னும் மலிவு.

1998-ல் இந்த வேட்டை இணையத்துக்கு மாறியது. பிரிட்டனில் பிரெண்ட் ஹோபர்மனும் மார்த்தா லேன் ஃபாக்ஸும் 'லாஸ்ட்மினிட்' என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் 'பிரைஸ்லைன்' வந்தது. அதில் பிரயாணி ஊரையும் தேதியையும் தன் விலையையும் சொல்லிப் பணத்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கம்பெனி, எத்தனை மணி என்பது பிறகுதான் தெரியும். பின்னர் ஜெர்மன்விங்ஸ் என்ற விமானக் கம்பெனி, பணம் கட்டிய பிறகே போகுமிடத்தைச் சொல்லும் டிக்கட்டுகளை விற்றது. 1932-ன் மர்ம எக்ஸ்பிரஸ் ஆகாயத்தில் ஏறிவிட்டது! இன்றைக்குக் கைப் போனிலேயே போகுமிடம் என்ற கட்டத்தில் 'எங்கேயாவது' என்று போட்டுத் தேடலாம். உலகமே விலை வரிசையில் வந்து நிற்கிறது.

இதில் ஒரு யோசனை சொல்லும்படி வாசகர்கள் கேட்டால், நூற்றெண்பது வருஷச் சரித்திரம் சொல்வதையே நானும் சொல்வேன். ஊர், நாள், நேரம், சௌகரியம் இந்த நான்கில் எத்தனையை விட்டுக் கொடுக்கிறீர்களோ அத்தனைக்கு மலிவு. ஊரை விட்டுக் கொடுப்பதில்தான் லாபம் அதிகம். ஊரை முதலில் தீர்மானித்துவிட்டு விலையைத் தேடுகிறவன் விலையிடம் மாட்டிக்கொள்கிறான். விலையை முதலில் பார்த்துவிட்டு ஊரைத் தீர்மானிக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான். நம் ரயில்வேயிலும் இரண்டு முகமும் உண்டு. 1997-ல் வந்த தத்கால் திட்டம் அவசரக்காரனிடம் கூடுதல் கட்டணம் வாங்கியது. 2017-ல் அதே ரயில்வே, சார்ட் தயாரித்த பிறகும் மீந்திருக்கும் படுக்கைகளுக்குப் பத்துச் சதவீதம் தள்ளுபடி கொடுத்தது.

ஆனால் அந்த யோசனை யாருக்குப் பயன்படும்? "எங்கே போனாலும் சரி" என்று சொல்வதற்கே ஒரு வசதி வேண்டும். லீவு கையில் இருக்க வேண்டும். வீட்டில் நோயாளி இருக்கக்கூடாது. போகாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்கிற நிலைமை வேண்டும். அமெரிக்க விமானக் கம்பெனிகள் பல, சாவுக்குப் போகிறவர்களுக்கு என்று ஒரு சலுகைக் கட்டணம் வைத்திருந்தன. கணக்கு எவ்வளவு இரக்கமற்றது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்ததால்தானே அப்படி ஒரு விலக்குத் தேவைப்பட்டது? 2014-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தச் சலுகையையும் நிறுத்திவிட்டது.

இன்று இரவு ஏதோ ஒரு விமானத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எந்த ஊர் என்றே கவலைப்படாமல் மலிவாக வந்தவர். சந்தோஷமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர் காலையில் தந்தி போல வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு, அவரைப் போல மூன்று மடங்கு கொடுத்து ஏறியவர். ஒரே ஆசனம், ஒரே சாப்பாடு, ஒரே ஆகாயம். லேக்கரின் வரிசையில் அந்த இருவரும் ஒரே விலைதான் கொடுத்திருப்பார்கள். மலிவாக வந்தவர் தம் டிக்கட்டின் விலையைப் பெருமையாகச் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.